மேலே நின்று பைப் பிடித்தவர்

இது நடந்த சம்பவம். நம்பாதவர்கள் தேவனாம்பட்டினம் போய் பிளம்பர் வினோத்குமார் வீடு எது என்று கேட்கலாம், சின்னப் பிள்ளைகூடக் காட்டும். ஆனால் அவனிடம் நேராக இதைக் கேட்டுவிடாதீர்கள். மோட்டாரைப் பற்றிக் கேளுங்கள், பொழுது சாயும் வரை பேசுவான். சிதம்பரத்து வீட்டைப் பற்றிக் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவான். எனக்குச் சொன்னதே ஒரே ஒரு தடவைதான். அதுவும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

பேய் என்றதும் நமக்கு நடுராத்திரியும் புளியமரமும் மல்லிகை வாசனையும் வந்துவிடும். இங்கே அது எதுவும் கிடையாது. பட்டப்பகல். பஸ் ஹாரன் கேட்கிற தெரு. செய்யப் போன வேலையோ, வீட்டுத் தண்ணீர்ப் பைப்புக்கு கிளாம்ப் மாற்றுவது. அதில் போய் என்ன பயம் என்று நீங்கள் நினைப்பீர்கள். வினோத்தும் அப்படித்தான் நினைத்தான்.

வினோத்தின் அப்பா கடலுக்குப் போனவர். சுனாமியில் படகு போனது. மகன் கையில் ஸ்பேனரைப் பிடித்தான். கூடவே வேலைக்கு வருகிறவன் ஸ்ரீதர். பிச்சாவரத்துப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பையன், வினோத்தின் தங்கை சினேகாவைக் கட்டியவன். கை சுத்தம், வாய் ஜாஸ்தி. பல் குச்சியோடு எழுந்தால் படுக்கிற வரைக்கும் பேச்சோ பாட்டோ ஓடிக்கொண்டே இருக்கும்.

சினேகா அப்போது ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். தினமும் இரண்டு பேரும் வண்டியை எடுக்கும்போது வாசலில் வந்து நிற்பாள்.

"அண்ணே, அவர ஏணில ஏத்தாத."

"ஏணி என் வேல. உன் வீட்டுக்காரன் மெத்தையில சொகமா நிப்பான். போ, போய் சாப்புடு."

தங்கைக்குக் கொடுத்த வாக்கு. அதை அவன் ஒரு நாளும் மீறியதில்லை. ஏணியில் தான் நிற்பான், தங்கை புருஷனை மொட்டை மாடியில் நிறுத்துவான். மாடிதானே பத்திரம்?

அன்றைக்குப் போன வீடு சிதம்பரத்தில், தில்லையம்மாள் என்பவருடையது. புருஷன் இல்லை. வங்கியில் வேலை. கீழே அவர் மட்டும் இருந்தார், மேல்தளம் காலி.

"குடி வர்றவங்க தங்க மாட்டேங்கறாங்க தம்பி. மோட்டார் போட்டா பைப்பு செவுத்துல டங்கு டங்குன்னு அடிக்குது. சமயத்துல மோட்டார் போடாதப்பவும்…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாவியை நீட்டினார். "மெத்தக் கதவு சாவி இது. நீங்க மேல இல்லாதப்ப பூட்டிடுங்க. தொறந்து மட்டும் போட்டுடாதீங்க."

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஏறிவிடுவார்கள் போல என்று வினோத் நினைத்துக்கொண்டான். அவர் வேலைக்குக் கிளம்பிப் போனார்.

வீட்டின் பின்பக்கம் ஓர் ஆள் நுழையும் அளவு சந்து. அந்தச் சுவரில்தான், கீழே மோட்டாரிலிருந்து மாடி டேங்க் வரைக்கும் பழைய இரும்புப் பைப் ஏறுகிறது. பைப்பைச் சுவரோடு அணைத்துப் பிடிக்கிற இரும்புப் பட்டைதான் கிளாம்ப். உப்புக் காற்றில் எல்லாம் துருவேறி, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மோட்டார் ஓடும்போது பைப் ஆடாமல் என்ன செய்யும்?

கிளாம்ப் மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு. ஒன்றைக் கழற்று, புதியதைப் போடு, அப்புறம் அடுத்ததைத் தொடு. இரும்புப் பைப் கனம். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கழற்றினால் முழுக் கனமும் மேலே இருக்கிற ஒரு துருப்பிடித்த வளைவில் தொங்கும். அது முறிந்தால் கீழே நிற்பவன் கதி அவ்வளவுதான்.

இது வினோத்துக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வந்தால் டிரில்லிங் மெஷினைத் தொட முடியாது. ஒரேயடியாகக் கழற்றிவிட்டு, கீழிருந்து மேலே மளமளவென்று மாட்டிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டான். மேலே ஸ்ரீதர் நைலான் கயிற்றைப் பைப்பில் சுற்றி, கைப்பிடிச் சுவரில் கால் ஊன்றி இழுத்துப் பிடித்துக்கொள்வான்.

இரண்டு பேருக்கும் ஒரு பழக்கம். வேலையில் கூப்பிட்டுக்கொள்ள மாட்டார்கள். படகில் காற்று இரைச்சலில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? அப்பாக்கள் வலைக்கயிற்றைச் சுண்டித்தான் சேதி சொல்லிக்கொள்வார்கள். பிள்ளைகள் அதைப் பைப்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு தட்டு என்றால் 'பிடி'. பிடித்தவன் பதிலுக்கு ஒரு தட்டு தட்டுவான். இரண்டு தட்டு என்றால் 'விட்டுட்டு வா'. கயிற்றில் வந்த சேதியைக் கடலில் எவனும் சந்தேகப்படுவதில்லை. இவர்களும் பைப்பில் வந்ததைச் சந்தேகப்பட்டதில்லை.

பழைய கிளாம்புகளை உளி வைத்துத் தட்டி எடுத்தாயிற்று. மேலே ஸ்ரீதரின் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. வினோத் டிரில்லிங் மெஷினுக்குக் கரண்ட் எடுக்க வீட்டுக்குள் போனான். சுவிட்ச் பெட்டியைக் கண்டுபிடித்து, ஒயரை ஜன்னல் வழியாக இழுத்துக்கொண்டு சந்துக்கு வந்தான்.

ஸ்பேனரால் பைப்பை ஒரு தட்டு தட்டினான்.

மேலிருந்து பதில் வந்தது.

டொம்.

வேலையை ஆரம்பித்தான். சுவரில் ஓட்டை போட்டு, திருகாணி பிடிக்கிற பிளாஸ்டிக் பிளக்கை உள்ளே அடித்து, புது கிளாம்பை வைத்துத் திருகினான். ஏணியில் ஒரு கட்டம் ஏறினான். தட்டினான். டொம். அடுத்தது.

ஏதோ ஒன்று வித்தியாசமாகப் பட்டது. என்ன என்று உடனே புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது… பாட்டைக் காணோம்.

ஸ்ரீதர் வாயை மூடி இவ்வளவு நேரம் இருந்ததே கிடையாது. பரவாயில்லை, அப்பாவாகப் போகிறோம் என்று புத்தி வந்திருக்கும் என நினைத்துச் சிரித்துக்கொண்டான்.

இன்னொன்றும் இருந்தது. ஸ்ரீதர் பிடித்தால் பைப் லேசாக ஆடும். கை மாற்றுவான், கால் மாற்றுவான், சொறிந்துகொள்வான். இப்போது பைப் அசையவே இல்லை. டிரில்லிங் மெஷின் சுவரை அதிர வைத்தபோதும் அசையவில்லை.

சத்தமும் சரியில்லை. இரும்பில் ஸ்பேனர் பட்டால் கணீரென்று கேட்கும். இது மொத்தையாகக் கேட்டது. முஷ்டியால் குத்துவது மாதிரி.

வானம் நன்றாக இருட்டிவிட்டது. மணி என்னவோ மூன்றுதான். மேலே இருக்கிற கிளாம்புக்கு ஏணி எட்டவில்லை. மேல்தளத்து சன்ஷேடில் ஏறி நின்றான். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால் பைப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். இப்போது பைப் போனால் அவனும் போவான்.

தட்டினான்.

டொம்.

"மச்சான், எறங்கி வா! டீ ஆறுது!"

குரல் மேலே இருந்து வரவில்லை.

வினோத் மெதுவாகக் குனிந்து பார்த்தான். சந்தின் வாயில் ஸ்ரீதர் நின்றிருந்தான். ஒரு கையில் டீ பார்சல், இன்னொரு கையில் எண்ணெய் ஊறிய பஜ்ஜிப் பொட்டலம். வாயிலும் ஒரு பஜ்ஜி.

வினோத் பைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"மாப்ள… நீ எப்ப எறங்கன?"

"நல்லா கேட்ட! நீதான ரெண்டு தட்டு தட்டன? கீழ முட்டு குடுத்துட்ட போலன்னு கயித்த அவுத்து டேங்குக்கு அடியில போட்டுட்டு, கதவ பூட்டிக்கினு டீ வாங்கப் போனேன்."

"நான் தட்டலியே."

"தட்டன மச்சான். காதால கேட்டேன்."

"அப்ப மேல யாரு?"

"யாரு இருப்பா? சாவி இங்க இருக்குது." ஸ்ரீதர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். இடுப்பில் அவனுடைய ஸ்பேனர் செருகியிருந்தது.

வினோத் தலையைத் தூக்கினான். அவன் முகத்துக்கு மேலே பைப்பில் நைலான் கயிறு சுற்றியிருந்தது. விறைப்பாக. கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்பக்கம் போயிருந்தது.

கயிறு சுவரில் படவில்லை. சுவருக்கு ஒரு சாண் மேலே, காற்றில், இழுத்துக் கட்டினது போல நின்றது.

"எவனோ திருட்டுப் பய ஏறியிருக்கான்," என்றான் ஸ்ரீதர். டீயைத் தரையில் வைத்தான். "இரு, போய் யாருன்னு பாக்கறேன்."

"வேணாம்! ஸ்ரீதர்!"

கேட்கவில்லை. போய்விட்டான். மாடிப்படி வீட்டின் பக்கவாட்டில் இருந்தது. இரும்புப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

தட… தட… தட…

மழை வந்தது. தூறலாக இல்லை. கொட்டியது.

வினோத் இறங்கப் பார்த்தான். முடியவில்லை. பைப்பை விட்டால் காலுக்கு ஊன்றல் இல்லை. ஏணி ஈரத்தில் ஒரு பக்கம் சரிந்துவிட்டிருந்தது.

அவனுக்குத் தன்னைப் பற்றிப் பயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணுக்குள் வந்தது வாசலில் நின்ற தங்கை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்ற தங்கை. அவள் புருஷன் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது. ஏன் என்று அவனுக்குத் தெரியாது. திறக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

தட… தட…

"டேய்! சினேகா மேல சத்தியம்டா! அவ வயித்துல இருக்கிற புள்ள மேல சத்தியம்! கதவத் தொடாத!"

தொண்டை கிழியக் கத்தினான். மழை இரைந்தது.

செருப்புச் சத்தம் நின்றது.

பிறகு எதுவும் கேட்கவில்லை.

"மாப்ள!"

மறுபடி கத்தினான்.

"ஸ்ரீதர்!"

டொம்.

அவன் தட்டவில்லை. அதுவாக வந்தது. நெஞ்சோடு அணைத்திருந்த பைப்பில், எலும்புக்குள் இறங்குகிற மாதிரி.

டொம்.

'பிடி' என்கிறது. யார் யாருக்குச் சொல்கிறார்கள்?

வினோத் அழுதுவிட்டான். அழுதுகொண்டே மாட்டினான். நனைந்த மெஷினைத் தொட்டால் கரண்ட் அடிக்கும். சுத்தியலும் உளியும் வைத்து ஓட்டை போட்டான். பிளக் கைநழுவி விழுந்தது. இன்னொன்று எடுத்தான். அடித்தான். கிளாம்பை வைத்தான். திருகினான். மேலே நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பார்த்தால் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு முகம் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் என்று உறுதியாகத் தோன்றியது.

கடைசித் திருகு இறுகியது.

பைப் இனி விழாது. ஆனால் கயிறு இன்னும் விறைப்பாகவே இருந்தது. மேலே இருந்தது இன்னும் விடவில்லை.

விடச் சொல்ல வேண்டும். அவன்தான் சொல்ல வேண்டும்.

ஸ்பேனரை எடுத்தான்.

டங்… டங்.

மழை சட்டென்று தூரமாகப் போனது போலிருந்தது.

கயிறு தளர்ந்தது. முழுதாக அவன் தோள்மேல் வந்து விழுந்தது. அவன் தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தான். சுவர் நனைந்திருந்தது. கயிறு மட்டும் காய்ந்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

பைப்பைப் பிடித்துக்கொண்டே சறுக்கி இறங்கினான். முழங்கை தோல் உரிந்தது. பக்கவாட்டுக்கு ஓடினான். மாடிப்படியின் கீழ்ப்படியில் ஸ்ரீதர் உட்கார்ந்திருந்தான். உயிரோடு இருந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. அவ்வளவு பேசுகிறவன், வாயைத் திறக்கவில்லை.

வினோத் கயிறு நின்ற விதத்தைச் சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினான், புவனகிரி தாண்டிய பிறகுதான் பின்னால் இருந்து குரல் வந்தது.

"மச்சான். சாவிய பூட்டுக்குள்ள நொழைச்சிட்டேன். நீ சத்தியம் போட்ட. வெளிய இழுத்துட்டேன்."

"ம்."

"இழுத்தப்புறம்… அந்தப் பக்கம் கதவுல யாரோ சாஞ்சாங்க. கதவு லேசா இந்தப் பக்கம் புடைச்சிது. ஆனா நீ சொல்ற, அதே நேரத்துல அங்க கயித்த புடிச்சிட்டிருந்தாங்கன்னு."

வினோத் ஆக்சிலேட்டரை முறுக்கினான். கடலூர் வரும் வரை எங்கேயும் நிறுத்தவில்லை.

அந்தக் கைப்பிடிச் சுவரில் நீளமாக ஒரு விரிசல் இருந்ததை வினோத் கிளாம்ப் போடும்போது கவனித்திருந்தான். தில்லையம்மாளுக்குப் போனில் அதை மட்டும் சொன்னான். மற்றதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். அடுத்த வாரம் கொளஞ்சியப்பன் என்ற கொத்தனாரை அவரே வரவழைத்து, வினோத்தையும் கூப்பிட்டார். சாமான்கள் அங்கேயே கிடந்ததால் அவனும் போனான். ஸ்ரீதரை அழைத்துப் போகவில்லை.

மெத்தைக் கதவைக் கொத்தனார்தான் திறந்தார். டேங்கும் வெயிலும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. சுவரின் பலம் பார்க்க அவர் உள்ளங்கையால் ஒரு தள்ளுத் தள்ளினார். பைப் ஏறி வருகிற இடத்தில், சுவர் அப்படியே பிளந்து சந்துக்குள் விழுந்தது. உள்ளே கம்பியெல்லாம் துருவாகிப் போயிருந்தது.

"இதுல சாஞ்சி நின்னவன் எவனா இருந்தாலும் போயிருப்பான்," என்றார் கொளஞ்சியப்பன்.

அந்தச் சுவரில்தான் ஸ்ரீதர் கால் ஊன்றி நின்றான். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால்… அந்த இரண்டு தட்டு வந்ததால் இறங்கினான். அந்தக் கயிறும் சுவரில் படாமல்தான் நின்றது. யாரோ ஸ்ரீதரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். கீழே இறங்கி வந்து எல்லாவற்றையும் தில்லையம்மாளிடம் சொன்னான். கூடத்தில் அவருடைய புருஷன் கார்த்திகேசனின் படம் மாலை போட்டு மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அய்யாதாம்மா எங்க மாப்ளய காப்பாத்தியிருக்காரு."

தில்லையம்மாள் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"அவரு இல்ல தம்பி."

"எப்பிடிம்மா சொல்றீங்க?"

அவர் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அவரு போன அன்னிக்கும் இதே வேலதான். பிளம்பர் சந்துல நிக்கறாரு. இவரு மேல போயி பைப்ப புடிக்கணும். எனக்கு எதுர உக்காந்து காப்பி குடிச்சிட்டிருந்தாரு. பின்னாடி அந்த ஆளு சத்தம் குடுக்கறாரு, 'புடிச்சிக்கினீங்களா சார்'னு. மேலேர்ந்து பைப்ப தட்டி பதில் வருது. ரெண்டு பேருக்கும் கேட்டுச்சி. இவரு டம்ளர வச்சிட்டு என்னைப் பாத்தாரு. 'பூட்டுன மெத்தையில யாருடி நிக்கறது?'ன்னாரு."

வினோத் படத்தை விட்டு அவர் பக்கம் திரும்பினான்.

"ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"சொன்னா யாரு தம்பி வேலைக்கு வருவா? பூட்டியிருந்தா ஒண்ணும் பண்றதில்லன்னு நெனச்சிட்டேன்." அவர் படத்தைப் பார்க்கவில்லை. மாடிப்படி இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "யாருன்னு பாத்துட்டு வரேன்னு சாவிய எடுத்துக்கினு ஏறனாரு. கொஞ்ச நேரம் கழிச்சி பிளம்பர் வந்து, 'சார் அசையாம புடிச்சாரும்மா, வேல முடிஞ்சிது'ன்னு சொல்லிட்டு நிக்கறாரு. நான் போயி பாக்கறேன். இவரு கதவுக்கு இந்தப் பக்கம், மேல் படியில கெடக்கறாரு. ஹார்ட்டு நின்னுடிச்சின்னு டாக்டர் சொன்னாரு. பூட்டு தொறந்திருந்துச்சி தம்பி. கதவு ஒரு சாண்தான் தொறந்திருந்துச்சி."